பித்தளை என்று சொன்னவர்

துலுக்கானம் பொய் பேசுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசத் தோன்றும். ஏசினாலும் தப்பில்லை, ஏச்சு வாங்க வேண்டிய காரியத்தைத்தான் செய்தார். ஆனால் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் காயலாங்கடைக்காரர்கள் நடுவிலே உட்கார்ந்து தொழில் செய்த மனுஷன். வாயைத் திறந்தால் புளுகு என்று ஒருத்தரும் அவரைச் சொன்னதில்லை. அந்தத் தொழிலில் அது லேசுப்பட்ட விஷயமா?

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களைத் தாண்டி, பாரிவாக்கம் போகிற சாலையில் இடது பக்கம் மூன்றாவது தெருவில் அவர் வீடு. வீட்டை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பழைய கார்களின் நகைநட்டெல்லாம் அந்தக் கொட்டகையில் கோணி கோணியாகக் கிடக்கும். கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் வளையம், வீல் கப், கதவோரம் ஓடுகிற பீடிங் பட்டை, கார் பெயர் பொறித்த மோனோகிராம். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று எந்த வண்டியை எங்கே உடைத்தாலும் அதன் மினுமினுப்பு மட்டும் எப்படியோ இவரிடம் வந்து சேர்ந்துவிடும். நெளிந்து நசுங்கி வருவதை வாங்கி நெளிவெடுப்பார். பழைய முலாமைக் கழற்றுவார். துணிச்சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றுவார். அம்பத்தூரில் தெரிந்த ஒரு இடத்தில் புதுசாக குரோமியம் போட்டு வாங்கிவந்து, பழைய கார் பைத்தியங்களுக்கு விற்பார். பைத்தியங்களுக்கு எந்த ஊரிலும் குறைச்சல் இல்லை. கோயம்புத்தூர், கொச்சி, புனே என்று கூரியரில் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு கண்டம் உண்டு. குரோமியம் பூசிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும். உள்ளே இருப்பது பித்தளையா மசாக்கா என்று கண்ணுக்குத் தெரியாது. மசாக்கு என்பது துத்தநாகத்தைக் காய்ச்சி அச்சில் ஊற்றிய மலிவுச் சரக்கு. பித்தளையை ஆசிட் தொட்டியில் போட்டால் பழைய முலாம் கழன்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி வெளியே வரும். மசாக்கைப் போட்டால் ஆசிட் அதைத் தின்றுவிடும். தின்றது தின்றதுதான். ஆகவே பித்தளைக்குத் தொட்டி, மசாக்குக்குக் கைவேலை. எது எது என்று தெரியாமல் தொட்டிப் பக்கமே போகக்கூடாது.

பின்பக்கம் அரத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பலாகத் தெரிந்தால் மசாக்கு, அவ்வளவுதானே என்பீர்கள். அப்படிக் கேட்பவர்கள் பழைய கார்க்காரர்களோடு பழகியதில்லை. அந்த மகானுபாவர்கள் சாமானை வாங்கியதும் முதல் வேலையாகக் குப்புறக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அச்சடித்த எண் இருக்கிறதா, பழைய செம்புப் பூச்சு அப்படியே இருக்கிறதா, அரம் பட்டிருக்கிறதா என்று ஒருவர் பூதக்கண்ணாடியே வைத்திருக்கிறார். ஒரு கீறல் இருந்தால் போச்சு, ஒரிஜினல் கெட்டுவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அதனால் தட்டித்தான் பார்ப்பது. நகத்தால் விளிம்பில் ஒரு தட்டு. பித்தளை கொஞ்ச நேரம் முனகும், மசாக்கு உடனே வாயை மூடிக்கொள்ளும். பெரிய சாமானில் யாருக்கும் இது பிடிபடும். கையகல மோனோகிராமில், ஐம்பது வருஷத்து அழுக்கும் கிரீஸும் அப்பிக் கிடக்கும்போது, வித்தியாசம் மயிரிழைதான். அந்த மயிரிழையைப் பிடிக்கிற காது துலுக்கானத்துக்கு இருந்தது. பதினாறு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு முலாம் கம்பெனியில் மெருகுப் பிரிவில் சேர்ந்தார். கலந்துகட்டி வந்து கொட்டுகிற சாமான்களைச் சிமெண்டு மேடையில் ஒவ்வொன்றாகப் போட்டு, விழுகிற சத்தத்தை வைத்தே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுவார். மேஸ்திரி பத்துக்கு ஒன்றாக அரம் போட்டுச் சரிபார்த்தார், ஒரு மாசம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் கழித்துக் கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் காவலாளி வேலைக்குப் போனார்கள். துலுக்கானம் மட்டும் இந்தக் காதை நம்பித் தனியாக இறங்கினார்.

அப்புறம் ஆளாளுக்குக் கைபேசி வந்தது. பாடியிலிருந்து, புதுப்பேட்டையிலிருந்து, வேலூரிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். "அண்ணாத்தே, தட்றேன், கேளு." ஃபோனைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தட்டுவார்கள். "பித்தளை, போடு" என்பார். அல்லது "மசாக்கு, கைய வைக்காத" என்பார். அவ்வளவுதான், ஃபோனை வைத்துவிடுவார்கள். இதற்கு அவர் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. கூப்பிட்டுக் கேட்கிறார்களே, அதுவே அவருக்கு வயிறு நிறைகிற மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு ஃபோனாவது வந்தால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவார் என்று அவர் மனைவி கோமளா கேலி செய்வாள்.

முப்பது வருஷம் மெருகுச் சக்கரத்துக்கு முன்னால் நின்றவனுக்குக் காது எத்தனை நாளைக்கு இருக்கும்? எந்தக் காதால் சோறு சாப்பிட்டாரோ அந்தக் காதை அந்தச் சக்கரமே தின்றுகொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது கோமளாதான். குக்கர் ஐந்து விசில் அடித்து, பருப்பு அடிபிடித்து, புகை கொட்டகைக்குள் வந்த பிறகு இவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா, பக்கத்துலதான கீற, விசில் கேக்கலியா?"

"வேலயா இருந்தேன்."

"நாலு நாளா இத்தையே சொல்ற. ஆஸ்பத்திரிக்குப் போய் காட்டலாம் வா. மிசினு வெச்சிகினா கேக்கும்னு எதிரூட்டு ரேவதி சொன்னா."

"மிசினு மாட்டிகினு உக்காந்தா எவன் எனுக்கு ஃபோன் பண்ணித் தட்டுவான்?"

இதுதான் விஷயம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. காதில் மிஷின் மாட்டிய துலுக்கானத்திடம் எவனும் எதையும் தட்டிக் கேட்கமாட்டான். அவருக்கு அந்தப் பயம். ஆகவே மறைத்தார். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொண்டார். மீதிக்குத் தலையாட்டினார். கையில் இருக்கிற சாமானுக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, சாமானின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு தட்டினால் சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறியது. பித்தளை பல்லில் கூசியது, மசாக்கு கூசவில்லை. ஒரு நாள் காபி கொண்டுவந்த கோமளா, ஃபியட் கைப்பிடியை வாயில் கவ்விக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் ஃபோனைப் பல்லால் கடிக்க முடியுமா? அங்கே வேறு வழி. "எந்த வண்டி? எந்த வருசம்? எந்தப் பக்கத்துது?" என்று கேட்பார். நாற்பது வருஷ அனுபவம், எந்த வண்டியில் எந்தச் சாமான் எதில் வார்த்தது என்று முக்கால்வாசி மனப்பாடம். அவர்கள் தட்டுவார்கள், இவர் கேட்பது போலக் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு நினைவிலிருந்து பதில் சொல்வார். இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தப்பாததுதான் வினையாகப் போயிற்று. ஒரு தடவை சின்னதாகத் தப்பியிருந்தால் மனுஷன் அப்போதே சுதாரித்திருப்பார்.

பாரிவாக்கத்தில் ஜெகதீஷ் என்று ஒருவன். முப்பத்தாறு வயது. கார் உதிரிபாகக் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே இங்கே பார்த்து இந்த மெருகு வேலையைத் தானே கற்றுக்கொண்டு, வீட்டு முன்னால் ஒரு மோட்டாரைப் போட்டிருந்தான். துலுக்கானத்துக்குப் போட்டி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அண்ணாத்தே அண்ணாத்தே என்று உயிரை விடுவான். தொழிலுக்கு வந்து மூன்று வருஷம், சாப்பாட்டுக்கே இழுபறி. அப்படி இருக்கும்போது மாங்காட்டில் சிவராமன் என்று ஒருவரின் பழக்கம் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டுப் பதினோரு பழைய கார்கள் வைத்திருக்கிறவர். அவர் ஒரே ஒரு சாமானை ஜெகதீஷ் கையில் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் காரின் பானட் மூக்கில் உட்கார்ந்திருக்கிற பறவை. இறக்கையைப் பின்னால் மடித்துக்கொண்டு காற்றைக் கிழித்துப் பாய்கிற மாதிரி இருக்கும். இதைச் சரியாகச் செய்துவந்தால் பதினோரு வண்டிக்கும் நீதான் என்று சொல்லியிருந்தார். அப்படி அமைந்தால் இரண்டு வருஷத்துக்கு வேலை, மகள் ஸ்வாதியைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியதில்லை. ஜெகதீஷ் அந்தப் பறவையைத் துண்டில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. வெளியே மெட்ரோ வேலைக்காரர்கள் சாலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். துலுக்கானம் ஃபோனை வலது காதில் அழுத்திக்கொண்டார். அதுதான் கொஞ்சம் மிச்சம் இருந்த காது.

"அண்ணாத்தே, அந்தப் பறவ சொன்னேன்ல, இப்ப தொட்டியில போடப் போறேன். ஒரு தபா கேட்டுச் சொல்லு. எனுக்கு பித்தள மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது."

"தட்டு."

சட்டியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான் வந்தது.

"இன்னொரு தபா. ஓரமா."

மறுபடியும் இரைச்சல்.

"இன்னொரு தபா தட்டு நைனா, ரோட்ல சத்தம்."

மூன்றாவது தடவையும் ஒன்றும் இல்லை. துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடத்தைப் புரட்டினார். அந்தப் பறவையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. நேரில் எடுத்துக்கொண்டு வா என்று நாக்கு நுனி வரை வந்தது. இருபது நிமிஷத்தில் வண்டியில் வந்துவிடுவான். வந்தால்? அவன் எதிரில் எப்படிக் கடிப்பது? அதற்குள் ஜெகதீஷ் அந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான், பாதி கேட்டது. "லாவண்யா பக்கத்துல நின்னுகினு கீறா அண்ணாத்தே. ஃபோன்லயே சொல்லிடுவாருன்னா நம்ப மாட்டேங்கிறா, பாரு" என்றான். லாவண்யா அவன் பெண்டாட்டி. ஐம்பதுகளில் வெள்ளைக்காரன் செய்தது, கனமான சரக்காகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டார்.

"பித்தளை" என்றார். "தைரியமா போடு."

தெரியவில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பித்தளை என்று சொன்ன அதே நேரம்தான் ஆகும். அடப்பாவி மனுஷா, சொல்லித் தொலைத்திருக்கலாமே. சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, அம்பாசடர் வளையம் ஒன்றை எடுத்துச் சக்கரத்தில் கொடுத்தார். கை மட்டும் வேலை செய்தது. மத்தியானம் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஜெகதீஷ் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கொட்டகைக்குள் வந்து, நேரெதிரே நின்று, கவருக்குள்ளிருந்து அதை எடுத்து மேடையில் வைத்தான். பறவை மாதிரிதான் இருந்தது, ஆனால் தோல் மட்டும்தான் மிச்சம். உள்ளே இருந்த மசாக்கை ஆசிட் தின்றுவிட்டு, மேலே இருந்த மெல்லிய செம்புப் பூச்சை முட்டை ஓடு போல விட்டுவைத்திருந்தது. ஒரு பக்கத்து இறக்கை முழுசாக இல்லை. மேடையில் வைத்த வேகத்துக்கே அலகு பொடிந்து விழுந்தது.

"ஸ்வாதிய ஸ்கூல்லேர்ந்து கூப்டுகினு வர்றதுக்குள்ள இப்டி ஆயிட்ச்சு அண்ணாத்தே. தொட்டி பூரா நொரச்சிகினு இருந்துச்சு. கைய உட்டு எடுத்தேன். பாரு." வலது கை விரல்கள் வெந்து சிவந்திருந்தன.

துலுக்கானம் அந்தக் கையைப் பார்த்தார்.

"எம்மேலதான் தப்பு" என்றான் ஜெகதீஷ். "ராத்திரி பூரா யோசிச்சேன். கையில மோதிரம் போட்டிருந்தேன். தட்டும்போது மோதிரம் பட்டிருக்கும். அந்தச் சத்தத்தக் கேட்டு நீ பித்தளன்னு சொல்லியிருப்ப. உங்காது பொய் சொல்லாது, எனுக்குத் தெரியாதா? இதோ, மோதிரத்த கழட்டிட்டேன்."

கையைக் காட்டினான். மோதிரம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம்.

"சிவராமன் சார் இன்னா சொன்னாரு?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. 'இதை அப்படியே வச்சிட்டுக் கெளம்பு தம்பி'ன்னாரு. நான்தான் ஒருத்தருக்குக் காட்டணும்னு கேட்டு வாங்கினு வந்தேன். திருப்பிக் குடுக்கணும். யார்கிட்ட கேட்டு ஆசிட்ல போட்டேன்னு கேட்டாரு." அவன் துலுக்கானத்தின் தோளைத் தொட்டான். "உன் பேரச் சொல்லல அண்ணாத்தே. நானே முடிவு பண்ணிப் போட்டேன்னு சொல்ட்டேன். உன் பேரு ஏன் கெடணும்?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். பூமி பிளந்து உள்ளே போனாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். துலுக்கானத்தின் வாய் திறந்தது. "டீ குடிக்கிறியா" என்று கேட்டது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தோலைக் கவரில் பதமாக எடுத்து வைத்துக்கொண்டு ஜெகதீஷ் போய்விட்டான். அலகுத் துண்டு மட்டும் மேடையிலேயே கிடந்தது.

சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோமளா உள்ளே வந்தாள். அவர் உதட்டைப் பார்க்கட்டும் என்று முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"சொல்லலியா அவங்கிட்ட?"

"சொன்னா இன்னா ஆவும்? பறவ திரும்பி வருமா?"

"பறவ வராது. அந்தப் புள்ள நிம்மதியா ஒரு வாய் சோறு துன்னும். எந்தப் பாவமும் பண்ணாம மோதிரத்தக் கழட்டிகினு வந்து நிக்கிறான்யா."

அவர் மோட்டார் சுவிட்சைப் போட்டார். மோட்டார் சத்தத்தில் அவள் மேற்கொண்டு பேசியது அவருக்குக் கேட்கவில்லை என்று பேர். நின்றுகொண்டிருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பழைய கார்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இரண்டே நாளில் அந்தத் தோலின் படம் அதில் வந்தது. கூடவே ஜெகதீஷ் பெயர். சிவராமன் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை, படத்தைப் போட்டு, செய்தவர் இன்னார் என்று மட்டும் எழுதினார். அது போதாதா? கொடுத்த சாமானைத் திருப்பிக்கொடு என்று நாலு பேர் ஜெகதீஷ் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு மாசத்தில் அவன் மோட்டாரை நிறுத்திவிட்டு, திருமழிசைப் பக்கம் ஒரு பார்சல் குடோனில் வேலைக்குச் சேர்ந்தான். ஸ்வாதியைப் பள்ளிக்கூடம் மாற்றினார்கள்.

துலுக்கானத்துக்கு ஃபோன் வந்துகொண்டுதான் இருந்தது. முன்னைவிட அதிகமாகவே வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்துபோனவர்கள் எல்லாம், எதற்கு வம்பு, அண்ணாத்தேயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டார்கள். கொடுமையைப் பாருங்கள்! அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "அரத்தால கீறிப் பாரு." என்ன அண்ணாத்தே, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "கீறிப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுவார். சோறு இறங்கவில்லை. மேடையில் கிடந்த அலகை எடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தார். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் துண்டைப் பல்லில் வைத்துத் தட்டினார். வெறும் பூச்சு, தட்டியதும் உடைந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. செம்பின் கசப்பு. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொப்பளித்தும் அது போகவில்லை.

ஆறு வாரம் கழித்து ஜெகதீஷிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மோட்டாரை விற்கப் போகிறான், வேறு எவனுக்கும் கொடுக்க மனசில்லை, அண்ணாத்தேதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தான். கோமளா அதைப் படித்துக் காட்டிவிட்டு, செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை துலுக்கானம் பாரிவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனார்.

ஜெகதீஷ் மோட்டாரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணிச்சக்கரத்தைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். "வா அண்ணாத்தே, உனுக்கோசரம்தான் துடச்சி வெச்சேன்" என்றான். துலுக்கானம் உட்காரவில்லை.

"ஜெகதீசு, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ தட்னது எனுக்குக் கேக்கல. எனுக்குக் காது போயி ரெண்டு வருசமாவுது. கேக்காமயே பித்தளன்னு சொல்லிட்டேன். உம்மேல தப்பே இல்ல. மோதிரமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஜெகதீஷ் அவரையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"என்னத் தேத்தறதுக்கு இப்டிலாம் சொல்லாத அண்ணாத்தே. லாவண்யா ஃபோன் பண்ணாளா உனுக்கு? நான் கஸ்டத்துல கீறேன்னு சொன்னாளா?"

"சத்தியமா சொல்றேன்."

"போன வருசம்கூட பாடி பூங்காவனத்துக்கு ஃபோன்லயே அஞ்சு மோனோகிராம் சொன்னியே. அஞ்சும் சரி."

"அத்தினியும் குருட்டாம்போக்குல சொன்னது" என்றார் துலுக்கானம். அவன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு இது நம்பவே முடியாத விஷயமாக இருந்தது. ஆறு வாரமாகத் தன் கையைத்தான் நொந்துகொண்டிருந்தான், இப்போது அதை மாற்றிக்கொள்ள மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

துலுக்கானம் மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு ஹெட்லைட் வளையத்தையும் ஒரு கைப்பிடியையும் எடுத்து அவன் கையில் திணித்தார். "நான் திரும்பிகினு நிக்கிறேன். நீ தட்டு. எது பித்தள, எது மசாக்குன்னு சொல்றேன். சரியா சொல்லிட்டேன்னா நான் பொய்யன்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரில் ஸ்வாதி பென்சிலால் எழுதிய கூட்டல் கணக்குகள் இருந்தன. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. எட்டும் ஆறும் பதினாலு. ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிக் கணக்கில் விடை தப்பாக இருந்தது. அதையும் படித்து முடித்துவிட்டு, பொறுமை இல்லாமல் சொன்னார்.

"தட்டு நைனா. இன்னாத்துக்குப் பாத்துகினு கீற? தட்டேன்."

திரும்பிப் பார்த்தார். ஜெகதீஷின் நகம் வளையத்தின் விளிம்பில் அப்படியே நின்றிருந்தது. வாசற்படியில் லாவண்யா காபி டம்ளரோடு நின்றுகொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஜெகதீஷின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"எத்தினி தபா தட்டின?" என்று துலுக்கானம் கேட்டார்.

அவன் நாலு விரலைக் காட்டினான்.

ஜெகதீஷ் வளையத்தையும் கைப்பிடியையும் பெட்டிக்குள் வைத்தான், போடவில்லை, மெதுவாக வைத்தான். பக்கத்தில் வந்து நின்று பேசினான்.

"தெர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அரம் போட்டுப் பாத்திருப்பனே அண்ணாத்தே. ஒரு கீறல்தான? ஒரு கீறலுக்குத் திட்டு வாங்கியிருப்பேன். அவ்ளோதான?"

துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. வெளியே எடுத்துப் பார்த்தார். படப்பையில் கடை வைத்திருக்கிற கோகுல்நாத். என்ன கேட்கப் போகிறான் என்று தெரியும். ஃபோனை ஜெகதீஷிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிடு."

ஜெகதீஷ் அதை வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் பேசுவதைக் கொஞ்சம் கேட்டான். பிறகு துலுக்கானத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவருக்கும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உரக்கப் பேசினான்.

"அண்ணாத்தேக்கு காது கேக்காது. ரெண்டு வருசமா கேக்கல. இனிமே அவருக்குத் தட்டாத. எல்லார்கிட்டயும் சொல்லிடு."

ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் அத்தனையும் அவருக்குக் கேட்டது. ஜெகதீஷ் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். குனிந்து மோட்டாரின் மேல் ஒரு கோணியைப் போட்டு மூடினான்.

"மோட்டாரு உனுக்கு இல்ல" என்றான். "நீ கெளம்பு."

லாவண்யா கையிலிருந்த காபியை யாரும் வாங்கவில்லை. துலுக்கானம் பூந்தமல்லி வரைக்கும் நடந்தே வந்தார். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்களோ என்னவோ, ஒருவன் மட்டும் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஃபோன் அசையவே இல்லை. கொட்டகையில் மேடைமேல் அவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் கிடந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காபி கொண்டுவந்த கோமளா அதை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.